வேலை செய்பவர்களைப் பாராட்டும் முறை: ராமநாதபுரம் கடற்கரைத் தொழில்களுக்கு முழுமையான வழிகாட்டி

ராமேஸ்வரத்தில் லாட்ஜ் நடத்துபவரிடம் பேசுங்கள், மண்டபத்தில் நண்டு கம்பெனி வைத்திருப்பவரிடம் பேசுங்கள், கீழக்கரை ஜவுளிக்கடைக்காரரிடம் பேசுங்கள். எல்லோரும் ஒரே குறையைத்தான் சொல்வார்கள்: ஆள் நிற்பதில்லை. கொஞ்சம் வேலை பழகியதும் திருப்பூருக்கோ, சென்னைக்கோ, வளைகுடாவுக்கோ கிளம்பிவிடுகிறார்கள். அங்கே கிடைக்கும் சம்பளத்தை நம் ஊர்ச் சின்னத் தொழில்களால் கொடுக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் போகிறவர்கள் எல்லோரும் சம்பளத்துக்காக மட்டும் போகவில்லை. "இங்க எவ்வளவு செஞ்சாலும் ஒரு வார்த்தை கிடையாது" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களும் நிறைய. அந்த ஒரு வார்த்தையை முறையாக, நியாயமாக, தொடர்ந்து சொல்வதற்கான வழி இது.

நம் பக்கம் பாராட்டு என்றால் தீபாவளிக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ், ஒரு வேட்டி சேலை, அதோடு சரி. அது நல்ல வழக்கம், விட வேண்டாம். ஆனால் எல்லோருக்கும் ஒரே மாதிரி கிடைப்பதால், "நீ செய்ததை நான் பார்த்தேன்" என்ற செய்தி அதில் இல்லை. வேலை செய்கிறவருக்கு அந்தச் செய்திதான் வேண்டும்.

முதலில் பாக்கியைத் தீருங்கள்

பாராட்டுத் திட்டம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு நாள் உட்கார்ந்து, நீங்கள் தர வேண்டியதையெல்லாம் எழுதிப் பாருங்கள். சம்பளம் சொன்ன தேதிக்குப் போகிறதா? கூடுதல் நேரம் பார்த்ததற்குக் காசு பாக்கி இருக்கிறதா? பி.எஃப். என்று பிடித்த பணம் கட்டியாயிற்றா? பெண்கள் வேலை செய்யும் இடத்தில் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா? கடையில் நாள் முழுக்க நிற்கிறவர்கள் உட்கார ஒரு நாற்காலி உண்டா? தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு இருக்கை தந்தே ஆக வேண்டும் என்று 2021-ல் சட்டத் திருத்தமே வந்துவிட்டது.

ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959-ல் வெளியிட்ட ஆய்வில் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். சம்பளம், வேலையிடத்தின் வசதி, மேலாளர் நடத்தும் விதம் போன்றவை சரியில்லாவிட்டால் மனம் கசந்துபோகும். சரியாக இருந்தால் கசப்பு நீங்கும், அவ்வளவுதான். உற்சாகம் வேறு இடத்திலிருந்து வருகிறது: செய்து முடித்த நிறைவு, கிடைத்த அங்கீகாரம், வேலையின் தன்மை, நம்பிக் கொடுத்த பொறுப்பு. ஒன்று இன்னொன்றை ஈடு செய்யாது. இரண்டு மாதச் சம்பளம் பாக்கி வைத்துவிட்டு மாலை போட்டால், அந்த மாலையைப் பார்த்தாலே எரிச்சல்தான் வரும்.

போனஸைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சட்டம் பொருந்தும் நிறுவனங்களில் குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம். அது அவர்களின் உரிமை. அதை மேடை போட்டுக் கொடுத்து "பரிசு" என்று பெயர் வைக்காதீர்கள். வாங்குகிறவர்களுக்குக் கணக்குத் தெரியும்.

எதைப் பாராட்டப் போகிறீர்கள்?

பெரும்பாலான திட்டங்கள் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

நண்டு கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். அவித்து ஆறவைத்த நண்டு ஸ்டீல் மேசை மேல் குவிந்திருக்கும். சுற்றிலும் பெண்கள், தலையில் தொப்பி, கையில் சின்னக் கத்தி. ஓட்டைப் பிரித்து, உடல் சதையை உடையாமல் கட்டியாக எடுத்து ஒரு தட்டில், உதிரியை இன்னொரு தட்டில், கால் சதையை வேறொரு தட்டில் போடுவார்கள். உடையாத கட்டிச் சதைக்குத்தான் விலை. சதைக்குள் நகக்கண் அளவு ஓட்டுத் துணுக்கு தங்கிவிட்டால், வாங்குகிற வெளிநாட்டு நிறுவனம் சரக்கையே திருப்பலாம். கை பழகிய அக்கா ஒருவர் சதையை விரல் நுனியால் ஒரு தடவு தடவி, கண்ணுக்குத் தெரியாத துணுக்கை எடுத்துப் போட்டுவிடுவார். அந்த ஒரு தடவலில் இருக்கிறது கம்பெனியின் பெயர்.

இங்கே "இந்த மாதம் அதிகக் கிலோ எடுத்தவருக்குப் பரிசு" என்று போர்டு எழுதினால் என்ன ஆகும்? கை வேகமாகும். கட்டி உடையும். துணுக்கு தங்கும். தடவிப் பார்க்கிற அக்கா கடைசி இடத்துக்குப் போய்விடுவார். அடுத்த மாதம் அவரும் தடவுவதை விட்டுவிடுவார்.

இது கற்பனைப் பயம் இல்லை. அமெரிக்காவில் தொழிற்சாலைத் துணிகளை வெளுக்கும் ஒரு சலவை நிறுவனத்தில் நடந்ததை மூன்று ஆய்வாளர்கள் 2016-ல் எழுதினார்கள். ஒரு மாதம் முழுக்கத் தாமதமாக வராமல், சொல்லாமல் லீவும் போடாமல் இருந்தவர்களின் பெயரைக் குலுக்கிப் போட்டு ஒருவருக்குப் பரிசு அட்டை கொடுத்தார்கள். முதலில் தாமதம் குறைந்தது. அப்புறம், ஒரு நாள் தாமதமாகி வாய்ப்பை இழந்தவர்கள் மிச்ச மாதம் கவலைப்படவில்லை. தாமதமாக வரப்போகிறோம் என்று தெரிந்தால் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதைவிட மோசம், அதுவரை யார் சொல்லாமலும் நேரத்துக்கு வந்து ஒழுங்காக வேலை பார்த்தவர்களின் வேகம் குறைந்தது. மொத்த உற்பத்தியில் 1.4 சதவீதம் இழப்பு. பரிசு கொடுத்து நஷ்டம் வாங்கினார்கள்.

எனவே இப்படிச் செய்யுங்கள். ஒரு வாரம் எந்த அறிவிப்பும் இல்லாமல், வேலை நடக்கும் இடத்தில் நின்று பாருங்கள். இந்த ஆள் இதைச் செய்யாவிட்டால் நமக்கு என்ன நடந்திருக்கும் என்று தோன்றும் ஒவ்வொரு செயலையும் குறித்துக்கொள்ளுங்கள். லாட்ஜில் ஒருவர், அக்னி தீர்த்தத்தில் குளித்துவிட்டு ஈரத்துணியோடு வரும் வயதானவர்கள் வழுக்கி விழாமல் படிக்கட்டில் சாக்கு விரித்துப் போடுகிறார். ஐஸ் கம்பெனியில் ஒருவர், விடிவதற்குள் கிளம்பும் படகுக்கு ஐஸ் உடைத்து ஏற்றிவிட்டு, அடுத்தவர் வரும்வரை இயந்திரத்தை விட்டு நகராமல் இருக்கிறார். இப்படிப் பத்துச் செயல் சேர்ந்தால் போதும், உங்கள் தொழிலுக்கு எது முக்கியம் என்று அந்தப் பட்டியலே சொல்லிவிடும். எண்ணிக்கையை விட்டுவிட்டுச் செயலைப் பிடியுங்கள். எண்ணிக்கைக்குத்தான் ஏற்கனவே கூலி இருக்கிறதே.

யார் கண்ணில் பட்டது?

முதலாளி கண்ணில் படுவது கொஞ்சம். வரவேற்பு மேசையில் இருக்கும் பையனின் சிரிப்பு தெரியும். பின்கட்டில் நூறு படுக்கை விரிப்பைத் துவைத்துக் காயப்போடும் ஆளைத் தெரியாது. ஆடி அமாவாசை, தை அமாவாசை, மகாளய அமாவாசைக் கூட்டத்தில் ராமேஸ்வரம் லாட்ஜ்கள் ஓடுவதே அந்தப் பின்கட்டு ஆட்களால்தான்.

ஆகவே சக ஊழியர்களிடம் கேளுங்கள். "இந்த வாரம் உங்க வேலை சிரமமில்லாம நடக்க யாரு கை கொடுத்தது?" என்ற ஒரே கேள்வி போதும். "யார் நல்ல தொழிலாளி?" என்று கேட்டால் நண்பன் பெயரைச் சொல்வார்கள், சொந்தக்காரன் பெயரைச் சொல்வார்கள். "யார் கை கொடுத்தது, என்ன செய்தார்?" என்று கேட்டால் நடந்ததைத்தான் சொல்ல வேண்டியிருக்கும். எழுதத் தெரியாதவர்களும் இருப்பார்கள் என்பதால் சீட்டு எழுதிப் பெட்டியில் போடச் சொல்லாதீர்கள். டீ நேரத்தில் வாயால் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

லாட்ஜ்களிலும் ஓட்டல்களிலும் வட மாநிலத்திலிருந்து வந்து வேலை செய்யும் தம்பிகள் இருப்பார்கள். மொழி தெரியாததால் அவர்களைப் பற்றிச் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். அவர்களில் கொஞ்சம் தமிழ் பேசுகிறவர் ஒருவரை வைத்து அவர்களிடமும் இதே கேள்வியைக் கேளுங்கள்.

எப்படிச் சொல்வது?

மூன்று விஷயம் அந்தப் பேச்சில் இருக்க வேண்டும்: என்ன செய்தார், அதனால் யாருக்கு என்ன நன்மை, நீங்கள் அதைப் பார்த்தீர்கள் என்பது. "சூப்பர், நல்லாப் பண்றீங்க" என்பதில் இந்த மூன்றுமே இல்லை. இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"அக்கா, நேத்து சாயங்காலம் கடைசித் தட்டுல ரெண்டு துணுக்கு எடுத்தீங்கன்னு சூப்பர்வைசர் சொன்னாரு. அது டின்னுக்குள்ள போயிருந்தா மொத்தச் சரக்கும் திரும்பி வந்திருக்கும். நீங்க பாத்து எடுத்தது எனக்குத் தெரியும்."

"தம்பி, அந்தப் பாட்டியம்மாவை நீ கைத்தாங்கலாக் கூட்டிட்டுப் போய் ஆட்டோவுல ஏத்தினதை நான் கேமராவுல பாத்தேன். அவங்க பையன் போன் பண்ணி நன்றி சொன்னாரு."

வயதில் மூத்தவரை அண்ணே, அக்கா என்று முறை வைத்துத்தான் பேச வேண்டும். கீழக்கரைப் பக்கம் என்றால் காக்கா, லாத்தா. நீங்கள் முதலாளி என்பதற்காக ஐம்பது வயதுக்காரரைப் பெயர் சொல்லி, "நீ" போட்டுப் பாராட்டினால் பாராட்டு காதில் ஏறாது. மரியாதைக் குறைவுதான் ஏறும்.

அன்றே சொல்லுங்கள், முடியாவிட்டால் மறுநாள் காலை. மாதக் கடைசிக் கூட்டத்துக்குச் சேர்த்து வைக்காதீர்கள், அதற்குள் செய்தவருக்கே மறந்துபோயிருக்கும்.

வெறும் வார்த்தைக்கு இவ்வளவு பலமா என்று கேட்பவர்களுக்கு ஆடம் கிராண்ட், பிரான்செஸ்கா ஜினோ இருவரும் 2010-ல் வெளியிட்ட ஆய்வைச் சொல்லலாம். ஒரு பல்கலைக்கழகத்துக்குத் தொலைபேசியில் நன்கொடை திரட்டும் ஊழியர்கள், மாறாத சம்பளக்காரர்கள். அவர்களில் ஒரு பகுதியினரிடம் மட்டும் இயக்குநர் நேரில் வந்து, உங்கள் உழைப்புக்கு மிகவும் நன்றி என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரம் அவர்கள் பேசிய அழைப்புகள் பாதிக்கு மேல் கூடின. நன்றி கேட்காதவர்களிடம் மாற்றமே இல்லை.

எல்லார் முன்னாலுமா, தனியாகவா?

பலர் முன்னால் சொல்வதால் பாராட்டு கிடைக்காதவர்களுக்கும் பலன் உண்டு. ஜெர்மனியில் நடத்தி 2016-ல் வெளியான ஒரு கள ஆய்வில், சிறு குழுக்களில் நன்றாகச் செய்த சிலருக்கு மட்டும் எல்லோர் முன்னாலும் நன்றிக் கடிதம் தந்தார்கள். அதன்பின் வேலை கூடியது பெரும்பாலும் கடிதம் கிடைக்காதவர்களிடம். சிறப்பு எது என்று கண்ணால் பார்த்ததும் அவர்களும் அந்த அளவுக்கு எட்டப் பார்த்தார்கள்.

ஆனால் நம் ஊரில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். படத்தைப் போர்டில் ஒட்டுவதும், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவதும் எல்லோருக்கும் பிடித்தது இல்லை. பெண்கள் பலருக்குத் தங்கள் படம் வெளியில் போவதில் விருப்பமில்லை. வீட்டில் கேள்வி வரும். சிலர் கண்பட்டுவிடும் என்று நிஜமாகவே அஞ்சுவார்கள். ஒரே ஊர், ஒரே தெருவிலிருந்து வேலைக்கு வருபவர்கள் என்றால், ஒருத்தரை மேடையேற்றுவது இரண்டு வீட்டுக்கு இடையே மனக்கசப்பாகிவிடும். இதெல்லாம் சின்ன விஷயம் என்று தள்ளாதீர்கள். வேலைக்குச் சேரும்போதே கேட்டு நோட்டில் எழுதிவிடுங்கள்: எல்லோர் முன்னாலும் சொல்லலாமா, படம் போடலாமா, வீட்டுக்குத் தகவல் சொல்லலாமா.

வீட்டுக்குச் சொல்வது பலருக்கு மிகவும் பிடிக்கும். "உங்க மகளாலதான் இந்த வாரம் எங்க கடை ஓடுச்சும்மா" என்று தாயாரிடம் ஒரு போன். செலவு எதுவும் இல்லை.

கூட்டாகச் செய்ததைக் கூட்டாகவே பாராட்ட வேண்டும். பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் சீகாலஜி என்ற அமெரிக்க அமைப்பின் பரிசு கிடைத்தது. கடல்பாசி எடுக்கும் பெண்களை ஒன்று திரட்டியதற்காக, கடலைக் காக்கும் முறையில் பாசி எடுக்க வழி செய்ததற்காக. பரிசு அவர் பெயரில் வந்தாலும், எதற்காக என்று சொன்ன இடத்தில் எல்லாப் பெண்களும் இருந்தார்கள். ஒரு குழுவில் ஒருவரை மட்டும் எடுத்துச் சொல்லும்போது நீங்களும் மற்றவர்கள் வேலையைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

என்ன கொடுப்பது?

வார்த்தையே போதும் பல நேரம். கொடுப்பதென்றால், காசு ஒரே வாரத்தில் வீட்டுச் செலவில் கரைந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள். பொருள் நிற்கும். அதைவிட நேரம் நிற்கும்.

நான் மிகவும் வலியுறுத்துவது, அவர்கள் கேட்கும் நாளில் சம்பளத்தோடு லீவு. இந்தக் கடற்கரையில் ஒவ்வொருவருக்கும் விட முடியாத ஒரு நாள் உண்டு. ஏர்வாடி சந்தனக்கூடு, தங்கச்சிமடம் சந்தியாகப்பர் திருவிழா, ஊர் அம்மன் கோயில் முளைப்பாரி, பிள்ளையின் பள்ளி ஆண்டுவிழா. அந்த நாளில் லீவு கேட்டு முகம் சுளிப்பை வாங்குவதுதான் வழக்கம். "உங்களுக்கு ஒரு நாள் லீவு இருக்கு, எந்த நாள்னு நீங்களே சொல்லுங்க" என்பது பெரிய மரியாதை. கூட்டம் அதிகமுள்ள அமாவாசை நாட்களை மட்டும் முன்கூட்டியே விலக்கு என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்தது ஜூன் மாதம். பள்ளி திறக்கும், நோட்டுப் புத்தகம், பை, சீருடை என்று செலவு வரிசை கட்டும். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை என்பதால் கரையில் அதை நம்பியுள்ள வேலைகளிலும் கையில் காசு குறைவு. தீபாவளிக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியை இந்த மாதத்துக்கு மாற்றினால், அதே பணம் இரண்டு மடங்கு மனதில் நிற்கும்.

பொறுப்பும் ஒரு பரிசுதான். நன்றாகச் சதை எடுப்பவரிடம் புதிதாக வருபவர்களுக்குப் பழக்கிவிடும் பொறுப்பைக் கொடுங்கள். ஆனால் அந்த நேரத்துக்குக் கூலி சேர்த்துக் கொடுக்க வேண்டும். கிலோ கணக்கில் கூலி வாங்குகிறவர் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால் அவர் தட்டு குறையும். அதைக் கவனிக்காமல் விட்டால் பாராட்டு தண்டனை ஆகிவிடும்.

தவிர்க்க வேண்டியவை: உங்கள் கடைப் பெயர் பெரிதாக அச்சிட்ட டம்ளர், வருடா வருடம் அதே சுவர்க் கடிகாரம், விற்காமல் கிடந்த சரக்கு.

மாதச் சிறந்த ஊழியர் தேவையா?

பத்து பேர் இருக்கும் இடத்தில் வேண்டாம் என்பது என் கருத்து. முதல் மூன்று மாதம் உண்மையான ஆட்களுக்குப் போகும். நான்காம் மாதம் "இன்னும் இவருக்குக் கொடுக்கலையே" என்று முறை வைத்துப் போக ஆரம்பிக்கும். அன்றோடு அதன் மதிப்பு போய்விடும். பெரிய இடமென்றால், ஐம்பது பேருக்கு மேல் இருந்தால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வைக்கலாம். எந்தச் செயலுக்காக என்பதை இரண்டு வரியில் எழுதி வாசிக்க முடியாவிட்டால் அந்த முறை யாருக்கும் கொடுக்காமல் விடுங்கள். யாரையாவது போட்டு நிரப்ப வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

நோட்டும் கணக்கும்

ஒரு நூறு பக்க நோட்டு வாங்கி நான்கு பத்தி கோடு போடுங்கள்: தேதி, பெயர், என்ன செய்தார், யார் சொன்னது. மூன்று மாதம் கழித்து அதைப் புரட்டினால் பல விஷயம் தெரியும். ஒரே பகுதி ஆட்கள் பெயர் மட்டும் வருகிறதா? சூப்பர்வைசரின் சொந்தக்காரர்கள் பெயர் கூடுதலா? இரவுப் பணிக்காரர், வாட்ச்மேன், கழிப்பறை கழுவும் அம்மா பெயர் ஒருமுறைகூட வரவில்லையா? பெயர் வராதவர் வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் அவர் வேலை செய்யும் நேரத்தில் நீங்கள் போய்ப் பாருங்கள்.

அதே நோட்டின் பின்பக்கம் ஒவ்வொரு மாதமும் மூன்று எண்ணை எழுதுங்கள்: எத்தனை பேர் வேலையை விட்டார்கள், எத்தனை நாள் சொல்லாமல் வரவில்லை, வாடிக்கையாளர் புகார் அல்லது திரும்பிய சரக்கு எவ்வளவு. திட்டம் தொடங்குவதற்கு முந்தைய ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். லாட்ஜ் தொழிலில் மே மாதத்தையும் அடைமழை அக்டோபரையும் ஒப்பிட்டு முடிவு செய்தால் தவறாகத்தான் போகும்.

செலவுக்கு, ஆளுக்கு மாதம் 100 ரூபாய் என்று ஒதுக்கினால் சின்னத் தொழிலுக்குத் தாராளம்.

சூப்பர்வைசரை மறக்காதீர்கள்

இத்தனையும் நடப்பது சூப்பர்வைசர், மேனேஜர் கையில்தான். அவர்களுக்கு இது தங்கள் அதிகாரத்தைக் குறைக்கிறது என்று தோன்றினால், நோட்டில் ஒரு பெயரும் ஏறாது. கீழே இருப்பவர் செய்ததைத் தான் செய்ததாக முதலாளியிடம் சொல்லும் பழக்கமும் பல இடத்தில் உண்டு.

ராமேஸ்வரத்துக்காரர்களுக்கு இதற்கு நல்ல உதாரணம் சொந்த ஊரிலேயே இருக்கிறது. 1979 ஆகஸ்ட்டில் எஸ்.எல்.வி-3 ராக்கெட் கடலில் விழுந்தபோது, திட்ட இயக்குநர் அப்துல் கலாம். செய்தியாளர்கள் முன்னால் உட்கார்ந்து பொறுப்பை ஏற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18-ல் அதே வகை ராக்கெட் வெற்றி பெற்றதும், செய்தியாளர் கூட்டத்தை நீங்களே நடத்துங்கள் என்று கலாமிடம் விட்டுவிட்டார். கலாம் பிற்காலத்தில் பல மேடைகளில் இதைச் சொல்லியிருக்கிறார்.

உங்கள் சூப்பர்வைசரிடமும் இதையே எதிர்பார்க்கிறீர்கள் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை அவரோடு பத்து நிமிடம் உட்கார்ந்து, "இந்த வாரம் யாரைப் பற்றிச் சொல்லப் போறீங்க?" என்று கேளுங்கள். அவர் சொன்ன ஆளை நீங்கள் போய்ப் பார்த்துப் பேசும்போது, "உங்க சூப்பர்வைசர்தான் சொன்னாரு" என்று அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். சொன்னவருக்கும் மதிப்பு கூடும், அடுத்த வாரம் அவராகவே இரண்டு பெயரோடு வருவார். ஆண்டுச் சம்பள உயர்வு பேசும்போது, அவர் எத்தனை பேரை நோட்டில் ஏற்றினார், அவருக்குக் கீழே எத்தனை பேர் வேலையில் நிலைத்தார்கள் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். அதை முன்கூட்டியே அவரிடம் சொல்லியும் வையுங்கள்.